பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்: முழங்கால் தேய்மானம் குறித்து வாசகர்கள் கேட்டவை

போன இதழில் முழங்கால் எக்ஸ்ரே பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "ரிப்போர்ட்டில் இப்படிப் போட்டிருக்கிறது, என் மூட்டு போய்விட்டதா?" நான் ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், மாத்திரை எழுதுபவள் இல்லை. அதனால் மருந்து பற்றிய கடிதங்களை எலும்பு மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, படம் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு 64 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. போன வருடம் வலது முழங்கால் எக்ஸ்ரேயில் கிரேடு 2 என்றார்கள். இந்த வருடம் வேறு ஊரில் எடுத்ததில் கிரேடு 3, கேப் குறைந்துவிட்டது என்று வந்திருக்கிறது. வலி முன்பு இருந்த அளவுதான், கூடவில்லை. ஒரே வருடத்தில் இவ்வளவு தேயுமா? ராத்திரி தூக்கமே வரவில்லை."
வாசகி, கும்பகோணம்

அம்மா, போன வருடம் எக்ஸ்ரே எடுத்தபோது உங்களை மேசைமேல் படுக்க வைத்தார்களா, நிற்க வைத்தார்களா? இந்த வருடம் எப்படி எடுத்தார்கள்? கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் அந்தக் குருத்தெலும்பு, படத்தில் வெறும் கறுப்பு இடைவெளியாகத்தான் விழும், அதைத்தான் கேப் என்கிறோம். நல்ல முழங்காலில் உட்பக்கம் இந்த கேப் சுமார் 4, 5 மி.மீ. இருக்கும். படுத்திருக்கும்போது மூட்டின்மேல் உடம்புப் பாரம் கிடையாது, அதனால் தேய்ந்துபோன இடத்தில்கூட இரண்டு எலும்பும் சற்று விலகி நின்று கேப் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். எழுந்து நின்றால் பாரம் இறங்கும், தேய்ந்த பக்கம் அமுங்கும், உள்ளபடி தெரியும்.

சரி, இந்த கிரேடு எங்கிருந்து வந்தது? 1957ல் கெல்கிரென், லாரன்ஸ் என்று இரண்டு மருத்துவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்தபடி வகுத்தது. 0 முதல் 4 வரை. எலும்பின் ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருப்பது உறுதியாகத் தெரிந்தால் 2. அதோடு கேப் குறைந்திருப்பதும் உறுதியாகத் தெரிந்தால் 3. ஆக, 2ஐயும் 3ஐயும் பிரிப்பதே கேப்தான். அந்த கேப்போ நீங்கள் நிற்கிறீர்களா படுத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒரே நாளில், ஒரே காலுக்கு, படுத்து எடுத்தால் கிரேடு 2, நின்று எடுத்தால் கிரேடு 3 என்று வருவதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

என் அம்மாவுக்கே இது நடந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு, நான் வெளியூரில் இருந்த சமயம், பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "வேகமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா போனில் அழுதார். ஊருக்கு வந்து, பழைய ஃபிலிமையும் புது ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பழையதில் கீழ் எலும்பின் மேல்விளிம்பு ஒரு நீள்வட்டம் மாதிரி விரிந்து கிடந்தது, முன் விளிம்பு ஒரு கோடு, பின் விளிம்பு இன்னொரு கோடு. புதியதில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஒரே கோடாக இருந்தது. கதிர் விழுந்த சாய்வு வேறு, நிலை வேறு. பழையது படுத்து எடுத்தது, புதியது நின்று எடுத்தது. இந்த இரண்டையும் வைத்து 'வேகம்' என்று யாராலும் சொல்ல முடியாது. புதுப் படத்தை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து அதே மாதிரி நிற்க வைத்து எடுத்தோம். கேப் ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்த அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை, இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டதே அதனால்தான்.

தேய்மானம் உள்ள முழங்காலில் கேப் குறைவது சராசரியாக வருடத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரைதான். நோட்டுப் புத்தகத்தில் ஒன்றிரண்டு தாளின் கனம். சிலருக்கு இதைவிட வேகமாகப் போவது உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் இரண்டு படமும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முழங்கால் கொஞ்சம் கூடுதலாக மடங்கினாலோ, கதிர் சில டிகிரி சாய்ந்து விழுந்தாலோ அதுவே ஒரு வருடத் தேய்மானத்தைவிடப் பெரிய வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆராய்ச்சிகளில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்திருப்பார்கள். கால் விரல், முட்டி, தொடை மூன்றும் பலகையில் ஒட்டும்படி நிற்க வேண்டும், பாதம் 10 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், முழங்கால் 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும், கதிர் 10 டிகிரி கீழ்நோக்கிச் சாயும். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி. காலை நேராக விறைத்து நிற்பதைவிடக் கொஞ்சம் மடக்கி நிற்பது ஏன் நல்லது என்றால், குருத்தெலும்பு முதலில் தேயும் பின்பகுதி அப்போதுதான் ஒன்றோடொன்று தொடும்.

அந்தச் சட்டம் நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடைக்காது. பரவாயில்லை. அடுத்த முறை போகும்போது டெக்னீஷியனிடம், "இரண்டு முழங்காலையும் சேர்த்து, நின்றபடி எடுங்கள்" என்று சொல்லுங்கள், அதே இடத்தில் எடுங்கள், பழைய படத்தையும் கையோடு கொண்டுபோய் ரிப்போர்ட் எழுதுபவரிடம் காட்டச் சொல்லுங்கள். வலி கூடவில்லை என்கிறீர்களே, அது நல்ல செய்தி, அதையே நம்பி இன்று ராத்திரி தூங்குங்கள்.

"வயது 47, பேருந்து ஓட்டுநர். கிளட்ச் மிதிக்கும் இடது முழங்காலில் ஆறு மாதமாக வலி. எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள். அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லையா? எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா?"
வாசகர், மதுரை

ஐயா, எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பில் பெரிய மாற்றம் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் வலி பொய் என்று அர்த்தமே இல்லை. அப்படி யாராவது பேசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது தெரியுமா என்றால், கட்டாயம் தெரியும். சிக்கலே அதுதான். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில், 50 வயது தாண்டிய, எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லாத 710 பேருக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2012ல் முடிவு வெளியானது. நூற்றுக்கு 89 பேருக்கு ஏதோ ஒரு மாற்றம் இருந்தது, எலும்பு முள்ளோ, குருத்தெலும்பில் சேதமோ, எலும்புக்குள் நீர்க்கோவையோ. வலி உள்ள முழங்காலில்தான் அப்படி இருக்கும் என்று நினைப்போம். வலியே இல்லாத முழங்கால்களிலும் நூற்றுக்கு 86 முதல் 88 வரை அதே கதைதான். இதை எண்ணிப் பாருங்கள். நீங்கள் எம்ஆர்ஐ எடுத்து, ரிப்போர்ட்டில் ஐந்து வரி வந்து, அந்த ஐந்தில் எது உங்கள் வலிக்குக் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாமல், செலவும் பயமும் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது?

குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, அதனால் அது தேய்வது நேரடியாக வலிக்காது. வலி வருவது அதற்கு அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், மூட்டைச் சுற்றியுள்ள உள்ளுறை வீங்குவதிலிருந்தும். எம்ஆர்ஐயின் உண்மையான பலம் இந்த இரண்டையும் காட்டுவது. எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்த மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு வரும். அது பெரிதாக இருந்தால் வலியும் இருப்பதற்கு, அந்தப் பக்கம் தேய்மானம் வேகமாகப் போவதற்கு வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் திட்டு சில மாதத்தில் வளரவும் செய்யும், சுருங்கவும் செய்யும்.

45 வயதைத் தாண்டியவருக்கு நடக்கும்போது, வேலை செய்யும்போது வலி, காலையில் விறைப்பு இல்லை, அல்லது அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் எந்தப் படமும் இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்பதுதான் பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதல். உங்கள் வயதும் அதற்குள் வருகிறது. முதலில் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் செய்யுங்கள். ஆனால் முழங்கால் நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை, அடிபட்டதும் திடீரென்று வீங்கியது, ராத்திரி படுத்திருக்கும்போதும் விடாமல் வலி, காய்ச்சலோடு மூட்டு சூடாகச் சிவந்திருக்கிறது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள், அப்போது ஸ்கேன் தேவையா என்று அவர் சொல்வார்.

"எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'ஜவ்வு கிழிந்திருக்கிறது' என்று வந்திருக்கிறது. வயது 55, தையல் வேலை. அடிபட்ட ஞாபகமே இல்லை. துளை போட்டு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?"
வாசகி, திருப்பூர்

நம் ஊரில் இந்த 'ஜவ்வு' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு உறுப்புக்குப் போய்விட்டது. குருத்தெலும்பும் ஜவ்வு, எலும்பை எலும்போடு கட்டும் லிகமெண்டும் ஜவ்வு, நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸும் ஜவ்வு. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது மெனிஸ்கஸ் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன், மருத்துவரிடம் எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள் சகோதரி.

வயதான மெனிஸ்கஸ் நைந்துபோய்த் தானே கிழிவது சாதாரணம். அதே ஃபிரேமிங்காமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரைப் படமெடுத்து 2008ல் வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் எந்த முழங்கால் தொந்தரவும் இல்லை. அதாவது கிழிசல் இருப்பதும் உண்மை, உங்களுக்கு வலிப்பதும் உண்மை, முன்னது பின்னதற்குக் காரணமா என்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

பின்லாந்தில் ஒரு துணிச்சலான ஆய்வு செய்தார்கள். இப்படி நைந்து கிழிந்த, ஆனால் தேய்மானம் இல்லாத 146 பேரில் பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்குத் துளை மட்டும் போட்டு, வெட்டுவது போலப் பாவனை செய்து தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டத்துக்கும் நிவாரணம் ஏறக்குறைய ஒன்றுதான். இது 2013ல் வந்தது. அதனால் முழங்கால் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம், பயிற்சிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள், இன்னொரு மருத்துவரிடமும் படத்தைக் காட்டுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

"அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தால் புற்றுநோய் வருமா?"
வாசகர், நாகர்கோவில்

முழங்கால் எக்ஸ்ரேயில் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோருக்கும் இயற்கையாக ஒரு நாளில் கிடைக்கும் அளவுக்குள்தான் அடங்கும். கவலைப்பட வேண்டாம். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே இல்லை, காந்தம் மட்டும். ஆனால் பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷனில் வைத்த கிளிப், கண்ணில் இரும்புத் தூள் விழுந்த அனுபவம் எது இருந்தாலும் எம்ஆர்ஐ அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

"பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன். பாட்டிக்கு முழங்கால் தேய்மானம். தேய்வதற்கு முன்பே கண்டுபிடிக்கும் ஸ்கேன் வந்துவிட்டது, ஏ.ஐ. பார்த்துச் சொல்லிவிடும் என்றெல்லாம் படிக்கிறேன். எவ்வளவு தூரம் உண்மை?"
வாசகர், ஈரோடு

தம்பி, நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்தான்) இனிஷியேட்டிவ் என்று ஒரு பெரிய வேலை நடந்தது. 2004க்கும் 2006க்கும் நடுவில் பால்டிமோர், கொலம்பஸ், பிட்ஸ்பர்க், பாட்டக்கெட் ஆகிய நாலு ஊர்களில் 45 முதல் 79 வயது வரையுள்ள 4,796 பேரைச் சேர்த்து, பல வருடம் திரும்பத் திரும்ப அழைத்து எக்ஸ்ரேயும் 3 டெஸ்லா (காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு) எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். நாலு ஊரிலும் ஒரே மாதிரி மெஷின், ஒரே அமைப்பு. ஒரு முழங்காலை 0.7 மி.மீ. கனத்தில் 160 துண்டாகப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களை உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளரும் கேட்டு வாங்கலாம் என்று திறந்து வைத்தார்கள். நீயும் உன் கல்லூரி வழியாகக் கேட்கலாம், கேட்டுப் பார் என்றுதான் சொல்வேன்.

இதற்கு முன்பு குருத்தெலும்பின் கனத்தை எப்படி அளந்தோம் தெரியுமா? ஒவ்வொரு துண்டுப் படத்திலும் ஓரத்தை மவுஸால் கையால் வரைய வேண்டும். நானும் பயிற்சிக் காலத்தில் வரைந்திருக்கிறேன். மேல் ஓரம் தெளிவாக இருக்கும், அடி ஓரம் எலும்போடு சேரும் இடத்தில் மங்கும். அங்கே கை ஒரு பிக்சல் இறங்கினால் ஒரு வருடத் தேய்மானம் காணாமல் போய்விடும். ஒரு முழங்காலுக்கே மணிக்கணக்காகும், கண் எரியும். இப்போது அதை ஏ.ஐ. நிமிடக் கணக்கில் வரைந்துவிடுகிறது, முக்கியமாக முதல் படத்தையும் ஆயிரமாவது படத்தையும் ஒரே கையால் வரைந்தது போல வரைகிறது. இந்த வேலைக்கு ஏ.ஐ. வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி.

அடுத்தது, தேய்வதற்கு முன்பே தெரியுமா என்பது. டி2 மேப்பிங் என்று ஒரு முறை இருக்கிறது. குருத்தெலும்பில் பெரும்பகுதி தண்ணீர், அந்தத் தண்ணீரைக் கொலாஜன் இழைகள் வலை மாதிரிப் பிடித்து வைத்திருக்கின்றன. வலை இறுக்கமாக இருக்கும்வரை தண்ணீர் அடங்கிக் கிடக்கும், அப்போது எம்ஆர்ஐ சிக்னல் சீக்கிரம் அடங்கிவிடும். வலை தளர்ந்தால் தண்ணீர் தாராளமாக அலையும், சிக்னல் நின்று நிதானமாக அடங்கும். அந்த நேரத்தை மில்லிவினாடியில் அளந்து வண்ணப்படமாகப் போடுவதுதான் டி2 மேப்பிங். கனம் குறையாமல், வெளியே பளபளப்பாக இருக்கும் குருத்தெலும்பிலும் உள்ளே வலை தளர்ந்திருப்பது இதில் தெரிந்துவிடும். டி1-ரோ என்று இன்னொன்று, அது குருத்தெலும்பில் தண்ணீரை ஈர்த்து வைக்கும் புரோட்டியோகிளைக்கன் என்ற பொருள் குறைவதை உணரும்.

இதில் தடுமாறும் இடங்களும் இருக்கின்றன, படிக்கிற பிள்ளை என்பதால் சொல்கிறேன். காந்தப் புலத்துக்கு 55 டிகிரி சாய்வில் இழைகள் இருந்தால், நல்ல குருத்தெலும்பே கெட்டது மாதிரி அளவு கூடிக் காட்டும். ஸ்கேனுக்கு முன்னால் ஓடிவிட்டு வந்தால் அளவு மாறும், அதனால் ஆய்வுகளில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். ஒரு கம்பெனி மெஷினின் அளவை இன்னொரு கம்பெனி மெஷினோடு நேராக ஒப்பிட முடியாது. கும்பகோணத்து அம்மாவுக்கு எக்ஸ்ரேயில் நேர்ந்த அதே பிரச்சினைதான், மெஷின் மட்டும் பல கோடி ரூபாய். அதனால் இது இன்றைக்கு ஆராய்ச்சிக்கும், குருத்தெலும்பு ஒட்டும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்வதற்கும் பொருத்தம். உன் பாட்டிக்கு வருடாவருடம் எடுத்து ஆகப்போவது எதுவும் இல்லை.

ஏ.ஐ. எக்ஸ்ரே பார்ப்பது பற்றி எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு 2021ல் வந்தது. அமெரிக்காவில் ஒரே கிரேடு தேய்மானம் இருந்தாலும் கறுப்பின மக்கள் கூடுதல் வலியைச் சொல்கிறார்கள். மூட்டில் அதற்குக் காரணம் இல்லை, மன அழுத்தமாக இருக்கும் என்று ஒதுக்கும் போக்கு இருந்தது. இந்த ஆய்வில் ஏ.ஐ.க்கு டாக்டர்கள் போட்ட கிரேடைக் காட்டிப் பழக்கவில்லை, நோயாளி தானே சொன்ன வலி அளவைக் காட்டிப் பழக்கினார்கள். வலி வித்தியாசத்தில் 9 சதவீதத்தைத்தான் வழக்கமான கிரேடால் விளக்க முடிந்தது, இந்த ஏ.ஐ. 43 சதவீதத்தை அதே எக்ஸ்ரேயிலிருந்து விளக்கியது. படத்தில் இருந்திருக்கிறது, நம் அளவுகோலுக்குத்தான் தெரியவில்லை. அந்த அளவுகோல் பிரிட்டனில், அங்குள்ள மக்களின் படங்களை வைத்து வகுத்தது என்பதையும் சேர்த்துப் பார். தரையில் உட்கார்ந்து எழுந்து, குத்துக்காலிட்டு வாசல் கூட்டிக் கோலம் போட்டு, வயலில் நடவு நட்ட நம் பாட்டிகளின் முழங்கால் படங்களை வைத்து, அவர்கள் சொல்லும் வலியை வைத்துப் பழக்கிய கருவி ஒன்று வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உன் வயதுப் பிள்ளைகள் யாராவது செய்தால் என்னால் ஆன உதவியைச் செய்வேன்.

எம்ஆர்ஐ நேரத்தைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் 2018ல் சேர்ந்து தொடங்கியது முழங்கால் படத்தில்தான். வழக்கமாகச் சேகரிக்கும் தகவலில் கால்வாசியை மட்டும் எடுத்து மீதியை ஏ.ஐ. கட்டித் தருகிறது, 2020ல் வெளியான ஆய்வில் மருத்துவர்கள் இரண்டு படத்தையும் வைத்து ஒரே மாதிரியான முடிவுக்குத்தான் வந்தார்கள். வலிக்கிற காலை அசைக்காமல் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது பெரிய வரம்.

"மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி முழங்காலில் போட்டுக்கொள்கிறேன், போட்டதும் சுகமாக இருக்கிறது. ஊசி மூட்டை அரித்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள்."
வாசகர், சேலம்

ஊசி போடுவதா வேண்டாமா என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது. படம் என்ன காட்டியது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். 2017ல் பாஸ்டனில் 140 பேரை வைத்துச் செய்த ஆய்வு, அப்படியே உங்கள் கணக்குதான், 12 வாரத்துக்கு ஒரு ஊசி, இரண்டு வருடம். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். எம்ஆர்ஐயில் அளந்தபோது ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு 0.21 மி.மீ. குறைந்திருந்தது, உப்பு நீர் போட்டவர்களுக்கு 0.10 மி.மீ. இரண்டு வருட முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரேயை மட்டும் நம்பியிருந்தால் இந்த 0.11 மி.மீ. வித்தியாசம் நழுவிப் போயிருக்கும். ஆனால் வலியை ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் கேட்டார்களே தவிர, போட்ட சில நாளில் கிடைக்கும் சுகத்தைக் கேட்கவில்லை, அந்தச் சுகம் உண்மைதான். ஆகவே எப்போதாவது ஒரு ஊசி, வீட்டில் விசேஷம், வலி தாங்கவில்லை என்றால் அது வேறு. நாள் குறித்து வைத்துத் தொடர்ந்து போடுவது பற்றி அடுத்த முறை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. ஸ்ப்ரிஃபெர்மின் என்று, முழங்காலில் ஊசியாகப் போடும் ஒரு மருந்தை 549 பேரிடம் சோதித்து 2019ல் முடிவு சொன்னார்கள். கூடுதல் அளவு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பின் கனம் கொஞ்சம் கூடவே செய்தது, எம்ஆர்ஐ காட்டியது. ஆனால் அவர்கள் சொன்ன வலி, சும்மா ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. எவ்வளவு பேர் எவ்வளவு நம்பிக்கையோடு காத்திருந்தார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் எடை எவ்வளவு என்று எழுதவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் நாலு கிலோ குறையும் என்று 2005ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இது ஊசியோடு சேர்ந்தும் செய்யலாம், ஊசி இல்லாமலும் செய்யலாம்.

"மாமியாருக்கு 71 வயது, கிரேடு 4. ஆனால் கோயிலுக்கு, கடைக்கு எல்லாம் தானே நடந்து போகிறார். படத்தைப் பார்த்த உறவினர்கள் உடனே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள்."
வாசகி, திருச்சி

வேண்டாம் அம்மா, அவசரமே இல்லை. நடக்க முடியவில்லை, ராத்திரி வலியில் தூக்கம் போகிறது, மாத்திரைக்கும் பயிற்சிக்கும் அடங்கவில்லை என்று அவரே சொல்லும் நாளில் பேசலாம். கால் வளைவு கூடிக்கொண்டே போகிறதா என்று மட்டும் வருடத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்கட்டும். உறவினர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

"எங்கள் வீட்டில் பத்து வருடத்து எக்ஸ்ரே கவர்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஃபோனில் போட்டோ எடுத்துக்கொண்டு கடையில் போட்டுவிடலாமா?"
வாசகர், புதுச்சேரி

ஐயோ, போடாதீர்கள்! ஃபோனில் எடுத்த போட்டோவில் மி.மீ. அளக்க முடியாது, கோணம் கொஞ்சம் சாய்ந்தாலே எல்லாம் மாறிவிடும். இனிமேல் எடுக்கும்போது ஃபிலிமோடு சி.டி.யும், அல்லது பென்டிரைவில் டைகாம் ஃபைலும் (மெஷின் எடுத்த அசல் படத்தின் கம்ப்யூட்டர் வடிவம்) கேட்டு வாங்குங்கள், அதில் அளவு மாறாமல் இருக்கும். பழையவற்றில் முதல் படம் ஒன்று, நின்று எடுத்த படங்கள் எல்லாம், எம்ஆர்ஐ எல்லாம், இவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கவர்மேல் மார்க்கர் பேனாவால் தேதி, வலதா இடதா, நின்றா படுத்தா, எந்த ஊரில் எடுத்தது என்று எழுதிவிடுங்கள். சூடு பட்டால் இந்தக் காலத்து ஃபிலிம் கறுத்துப் போகும், அதனால் சமையலறைப் பரணில் வேண்டாம், பீரோவில் துணிகளுக்கு அடியில் தட்டையாக வைத்தால் போதும்.